ரிமோட் அலாரம் போட்ட காரில் உள்ளிருந்தே கதவுகளைப் பூட்டத் தனி சுவிட்ச் வைப்பது எப்படி?

கேள்வி இது: கம்பெனியிலிருந்து சென்ட்ரல் லாக் இல்லாமல் வந்த 2014 ஆல்டோ 800. பிறகு வெளியே ஒரு கடையில் நாலு கதவுக்கும் மோட்டார் போட்டு, சைரனோடு ரிமோட் அலாரமும் மாட்டியிருக்கிறார்கள். ரிமோட் இருந்தால்தான் பூட்டவும் திறக்கவும் முடிகிறது. அம்மா தனியாக ஓட்டிப் போகிறார், சிக்னலில் நிற்கும்போது ஒரே அழுத்தில் நாலு கதவும் பூட்ட டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைக்க முடியுமா? கடைக்காரர் "ரெண்டு வயர் இழுத்தா போதும்" என்கிறாராம்.

முடியும். வயரும் ஏறக்குறைய ரெண்டுதான். ஆனால் அந்த ரெண்டு வயரையும் எங்கே சேர்க்கிறோம் என்பதில் கோட்டை விட்டால் ஃப்யூஸ் போகும், சில நேரம் வயரே உருகும். அதைச் சரியாகச் செய்துவிட்டு, சுவிட்சுக்கான எர்த்தை (பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் வண்டியின் உடம்பு இணைப்பை) எப்போதும் உயிரோடு விட்டுவிட்டால் அலாரம் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: பூட்டும் பக்கம் எப்போதும் வேலை செய்யட்டும், திறக்கும் பக்கம் சாவி போட்டிருக்கும்போது மட்டும் வேலை செய்யட்டும். காரணம் கீழே வருகிறது.

ரிமோட் கையில் இருக்கிறதே, அதையே உள்ளே உட்கார்ந்து அழுத்தினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இன்ஜின் ஓடும்போது ரிமோட் சாவிக்கொத்தோடு இக்னிஷனில் தொங்கிக்கொண்டிருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே இருந்தபடி ரிமோட்டில் பூட்டினால் அலாரமும் சேர்ந்து ஆர்ம் ஆகிவிடும், அதாவது காவல் நிலைக்குப் போய்விடும். அப்புறம் பின் சீட்டில் தூங்கும் குழந்தை புரண்டாலே அதிர்வை உணரும் ஷாக் சென்சார் கத்தும், உள்ளிருந்து கதவைத் திறந்தால் சைரன் அலறும். கதவு மட்டும் பூட்ட வேண்டும், அலாரம் ஆர்ம் ஆகக் கூடாது. இந்தத் தேவைக்குத்தான் தனி சுவிட்ச்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சின்னச் சோதனை. டிரைவர் கதவை மூடி, உள்ளே இருக்கும் லாக்கைக் கையால் தள்ளிப் பூட்டுங்கள். மற்ற மூன்று கதவும் கூடவே பூட்டிக்கொள்கிறதா? பூட்டினால் உங்கள் வண்டியில் டிரைவர் கதவில் ஐந்து வயர் மோட்டார் இருக்கிறது, அதன் சிக்னலைக் கேட்கும் கண்ட்ரோல் பாக்ஸும் இருக்கிறது. பாதி வேலை முடிந்த மாதிரி. பூட்டவில்லை என்றால் ரெண்டில் ஒன்று: டிரைவர் கதவிலும் ரெண்டு வயர் மோட்டாரையே போட்டிருப்பார்கள், அல்லது ஐந்து வயர் மோட்டாரைப் போட்டுவிட்டு மூன்று வயரை டேப் சுற்றி அப்படியே விட்டிருப்பார்கள். அவசரத்தில் மாட்டும் வண்டிகளில் இரண்டாவது நிறையவே நடக்கும்.

அந்த ஐந்து வயரைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். ரெண்டு வயர், பெரும்பாலும் நீலமும் பச்சையும், மோட்டாருக்கானவை. ஒன்றில் 12 வோல்ட்டும் மற்றதில் எர்த்தும் வந்தால் பூட்டும், மாறி வந்தால் திறக்கும். மீதி மூன்றும் மோட்டாருக்குள் இருக்கும் சின்ன சுவிட்சின் வயர்கள். கறுப்பு எர்த்துக்குப் போகிறது, வெள்ளையும் பிரவுனும் கண்ட்ரோல் பாக்ஸுக்குப் போகின்றன. கதவு பூட்டியிருந்தால் கறுப்பு அந்த இரண்டில் ஒன்றோடு சேர்ந்திருக்கும், திறந்தால் மற்றதோடு. அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் பாக்ஸ் எல்லா மோட்டாருக்கும் அரை நொடி போல ஒரு பல்ஸ் தருகிறது. நிறம் கிட்டுக்குக் கிட்டு மாறும். நிறத்தை நம்பி வயரை வெட்டாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள்.

இப்போது முதல் வகை: தனி கண்ட்ரோல் பாக்ஸ் இருக்கிறது, அலாரத்திலிருந்து மெல்லிசான ரெண்டு வயர் அதற்குப் போகிறது. இதை நெகட்டிவ் டிரிகர் என்பார்கள். வெள்ளையை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் பூட்டும், பிரவுனைத் தொட்டால் திறக்கும், அல்லது மாறி இருக்கும். அலாரமும் இதே வயர்களுக்குத்தான் எர்த் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ரிமோட் வேலை செய்கிறது என்றால், அதே இடத்தில் பேரலலாக ஒரு சுவிட்ச் போட்டாலும் வேலை செய்யும். நடுவில் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) எதுவும் வேண்டியதில்லை.

வயரைக் கண்டுபிடிக்க நேரடியாக எர்த்தில் தொட்டுப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் எடுத்து, அதன் கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி, முனையால் வயரைத் தொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் அது சப்ளை வயர், விட்டு விலகுங்கள். நேராக எர்த் கொடுத்திருந்தால் பொறி பறந்திருக்கும், இப்போது பல்பு எரிந்ததோடு போயிற்று. பல்பு எரியவே இல்லை, ஆனால் நாலு கதவும் "டக்" என்று பூட்டிக்கொண்டன என்றால் அதுதான் பூட்டும் வயர். டிரிகர் வயரில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு, பல்பை எரிக்காது, ஆனால் பல்பின் இழை வழியாக அந்த வயர் எர்த் ஆகிவிடும். மீட்டரில் பார்த்தாலும் தெரியும்: ஐந்து வயர் மோட்டார் இணைப்பில் இருந்தால், வெள்ளை, பிரவுன் இரண்டில் ஒன்று பூஜ்யம் காட்டும், மற்றது வோல்டேஜ் காட்டும். டிரைவர் லாக்கைக் கையால் தள்ளியதும் அது தலைகீழாகும். இதையெல்லாம் கடையில் போட்ட லாக் வயர்களில் மட்டும் செய்யுங்கள். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை உள்ள ஏர்பேக் வயர்களின் பக்கம் டெஸ்ட் லாம்ப் போகவே கூடாது.

சுவிட்சைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு வேண்டியது மூன்று பின் உள்ள, கையை எடுத்தால் தானாக நடுவுக்கு வந்துவிடும் ராக்கர் சுவிட்ச். ஒரு பக்கம் அழுத்தினால் லாக், மறுபக்கம் அழுத்தினால் அன்லாக், நடுவில் ஆஃப். அழுத்தினால் அப்படியே நிற்கும் சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சைப் போட்டால் ஒரு டிரிகர் வயர் எப்போதும் எர்த்திலேயே கிடக்கும், ரிமோட் சொல்வதைப் பாக்ஸ் கேட்காமல் போகலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பவர் விண்டோ சுவிட்ச் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் வண்டியோடு ஒட்டி வந்தது போல இருக்கும் என்று பலர் அதை வாங்குகிறார்கள். பல ஐந்து பின் விண்டோ சுவிட்சுகளில், கை வைக்காதபோது ரெண்டு அவுட்புட்டும் எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். ஜன்னல் மோட்டாருக்கு அது தேவை. இங்கே போட்டால் பூட்டும் வயர், திறக்கும் வயர் ரெண்டும் ஒரேயடியாக எர்த் ஆகிவிடும். வாங்கும் இடத்திலேயே மீட்டரைக் கண்டினியுட்டியில் வைத்து, அழுத்தாத நிலையில் எந்த ரெண்டு பின்னுக்கும் நடுவே பீப் வரக் கூடாது என்று பார்த்து வாங்குங்கள்.

இனி எர்த் விஷயம். சுவிட்சின் நடு பின்னை எர்த்தில் மாட்டி, ரெண்டு பக்கத்தையும் ரெண்டு டிரிகர் வயரில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று கடையில் சொல்வார்கள். வேலை செய்யும், உண்மைதான். ஆனால் வண்டி நிற்கும்போதும் அந்த சுவிட்ச் உயிரோடு இருக்கும். கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தாலும் ஒரு கம்பியை விட்டு அன்லாக் பக்கத்தை அழுத்தினால் நாலு கதவும் திறந்துவிடும். கதவை இழுக்கும்போது சைரன் கத்தும்தான், ஆனால் தெருவில் கத்தும் சைரனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சிலர் இதற்குத் தீர்வாக அலாரத்தின் "ஆர்ம் ஆனால் எர்த்" என்ற அவுட்புட்டில் ஒரு ரிலேயை (காயிலில் கரண்ட் வந்தால் இணைப்பை மாற்றிவிடும் மின் சுவிட்சை) தொங்கவிட்டு, ஆர்ம் ஆகும்போது சுவிட்சைத் துண்டிப்பார்கள். யோசனை நல்லது, ஆனால் கணக்கு உதைக்கிறது. சாதாரண ஆட்டோமொபைல் ரிலேயின் காயில் சுமார் 150 மில்லிஆம்பியர் இழுக்கும். வண்டி பூட்டி நிற்கும் நேரமெல்லாம் அது இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-அவர். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி பத்து நாளில் காலி, அதற்கு வெகு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதுதான்.

அதனால் ரிலேயை எதிர்மாறாகப் போடுங்கள், அதுவும் திறக்கும் பக்கத்துக்கு மட்டும். சுவிட்சின் நடு பின் எர்த்துக்கு. லாக் பக்கப் பின் நேராகப் பூட்டும் டிரிகர் வயருக்கு. அன்லாக் பக்கப் பின் ரிலேயின் 30-க்கு, ரிலேயின் 87 திறக்கும் டிரிகர் வயருக்கு (இவை ரிலேயின் பின் எண்கள், காயிலில் கரண்ட் வந்தால் 30-உம் 87-உம் சேரும்). காயிலின் 85 எர்த்துக்கு, 86 சாவியை ஆக்சஸரி நிலைக்குத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயருக்கு, ஒரு சின்ன ஃப்யூஸ் வழியாக. ஸ்டீரியோவுக்குப் பின்னால் சிவப்பு வயரில் பெரும்பாலும் இது கிடைக்கும். ஆனால் சாவி இல்லாமலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவைத்த வண்டிகள் ஏராளம். சாவியை எடுத்ததும் அந்த வயர் செத்துவிடுகிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, அதன் வெள்ளைக் கோடு 86 பக்கம் இருக்கும்படி. காயில் அணையும்போது எழும் வோல்டேஜ் அலாரத்தைத் தொந்தரவு செய்யாமல் இருக்க அது.

இப்படிப் போட்டால் சாவி இல்லாமல் நிற்கும் வண்டியில் யார் சுவிட்சைத் தொட்டாலும் பூட்டத்தான் முடியும். இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே காத்திருக்கும்போதும் பூட்டிக்கொள்ளலாம். ரிலே சாவி போட்டிருக்கும்போது மட்டும் கரண்ட் இழுக்கும், பேட்டரிக்குப் பாதகமில்லை.

பூட்டும் பக்கத்தை எப்போதும் உயிரோடு விடுவதால் ஒரு சிக்கல் வரும்: சாவி உள்ளே, கதவு திறந்திருக்கிறது, இறங்கும்போது முழங்கால் சுவிட்சில் பட்டது, கதவைச் சாத்தியாயிற்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நாம் வெளியே. இதைத் தடுக்க இன்னொரு ரிலே போடலாம், போடச் சொல்லியே நான் வற்புறுத்துவேன். சுவிட்சிலிருந்து பூட்டும் டிரிகர் வயருக்குப் போகும் வயரை 30-க்கும் 87ஏ-வுக்கும் (காயிலில் கரண்ட் இல்லாதபோது 30-ஓடு சேர்ந்திருக்கும் பின்) நடுவே விடுங்கள். காயிலின் ஒரு முனை எப்போதும் கரண்ட் இருக்கும் வயருக்கு, மறுமுனை கதவு திறந்தால் எர்த் ஆகும் கதவு பட்டன் வயருக்கு, அதாவது ரூஃப் லைட்டை எரிய வைக்கும் அதே வயருக்கு. கதவு திறந்திருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்து லாக் வயரைத் துண்டித்துவிடும். இந்தக் காயிலுக்கு ஆக்சஸரி கரண்ட் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சாவியை எடுத்ததும் காயில் வழியாகவும் ஸ்டீரியோ வழியாகவும் கதவு பட்டன் வயர் எர்த் பக்கம் இழுக்கப்படும், அலாரம் "கதவு திறந்திருக்கிறது" என்று நினைத்துக்கொள்ளும். ஆர்ம் செய்யும்போதெல்லாம் காரணமில்லாமல் கத்தும் வண்டிகளில் இப்படிப்பட்ட இணைப்பு ஒன்று ஒளிந்திருப்பதுண்டு. ரூஃப் லைட்டின் ஃப்யூஸிலிருந்தே எடுங்கள். ரூஃப் லைட் மெல்ல மங்கி அணையும் வண்டி என்றால் கதவைச் சாத்திய பிறகும் அந்தச் சில நொடிகள் சுவிட்ச் பூட்டாது, பழுது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். இங்கே தனி பாக்ஸ் கிடையாது, அலாரத்தின் உள்ளே இருக்கும் ரெண்டு ரிலேயே கதவு மோட்டார்களை நேராக ஓட்டுகிறது. அலாரத்திலிருந்து ஆறு வயர் வரும், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, அவற்றின் கறுப்புக் கோடு போட்ட ஜோடிகள் என்று. எது எது என்பது பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும். ஓய்வில் இருக்கும்போது ரெண்டு மோட்டார் வயரும் இந்த ரிலேக்கள் வழியாக எர்த்தில்தான் நிற்கின்றன. "ரெண்டு வயர் இழுத்தா போதும்" என்பது ஆபத்தாவது இங்கேதான். சுவிட்சிலிருந்து 12 வோல்ட்டை நேராக மோட்டார் வயரில் கொடுத்தால், அந்த வயர் ஏற்கெனவே எர்த்தில் இருப்பதால் அது முழு ஷார்ட். ஃப்யூஸ் சரியாக இருந்தால் ஃப்யூஸோடு போகும். ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர் என்றால் டேஷ்போர்டுக்குள் புகை கிளம்பும்.

சரியான வழி, அலாரத்தின் ரிலேக்கள் ஓய்வில் எர்த்தைத் தொடும் அந்த ரெண்டு வயரைக் கண்டுபிடித்து, அவற்றை எர்த்திலிருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு புது ரிலேயின் 30-இல் மாட்டுவது. புது ரிலேயின் 87ஏ எர்த்துக்கு, 87 மோட்டார்களுக்குப் போகும் அதே 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழி வரும் 12 வோல்ட்டுக்கு. சுவிட்சை அழுத்தாதபோது பழையபடி எர்த் கிடைக்கும், ரிமோட் வழக்கம்போல் வேலை செய்யும். அழுத்தினால் எர்த் விலகி 12 வோல்ட் வரும், அது அலாரத்தின் ரிலே வழியாகவே மோட்டாருக்குப் போகும். தற்செயலாக ரிமோட்டில் பூட்டுவதும் சுவிட்சில் திறப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால்கூட மோட்டாரின் ரெண்டு முனையிலும் 12 வோல்ட் வந்து மோட்டார் சும்மா நிற்கும், ஷார்ட் ஆகாது.

இந்த வகையில் சாவிக் கட்டுப்பாட்டுக்குத் தனி ரிலே தேவையில்லை. சுவிட்சின் ரெண்டு பக்கமும் ரெண்டு காயிலின் 85-க்கு எர்த் தருகின்றன. லாக் ரிலேயின் 86-க்கு எப்போதும் இருக்கும் கரண்ட், அன்லாக் ரிலேயின் 86-க்கு ஆக்சஸரி கரண்ட். அவ்வளவுதான். கதவு திறந்திருந்தால் பூட்டாமல் தடுக்கும் ரிலேயை லாக் காயிலின் எர்த் வயரில் மேலே சொன்னபடியே போடலாம். மாட்டி முடித்து லாக் அழுத்தும்போது திறந்தால், சுவிட்சில் வயரை மாற்றாதீர்கள், திறக்கும் வேலை சாவியில்லாத பக்கத்துக்குப் போய்விடும். ரெண்டு ரிலேயின் 30-இல் உள்ள வயரை மாற்றிப் போடுங்கள்.

இந்த வகையில் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க மோட்டார் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும், பல்ஸை நிறுத்த நடுவில் பாக்ஸ் இல்லை. தட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். முழங்கையோ பையோ சாய்ந்து அழுத்தும் இடத்தில் சுவிட்சை வைக்கவும் கூடாது. கியருக்கு முன்னால் இருக்கும் பகுதி நல்ல இடம்: டிரைவர் கைக்கு எட்டும், ஜன்னலிலிருந்து தூரம். கதவுக் கைப்பிடியில் வைக்காதீர்கள், அங்கே போகும் வயர் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடிந்து மடிந்து ஒரு நாள் அறுந்துவிடும்.

மோட்டார் கரண்ட் ஓடும் வயர் 1.5 ஸ்கொயர் எம்.எம்., டிரிகருக்கும் காயிலுக்கும் 0.5 போதும். இணைப்புகளைச் சால்டர் செய்து சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். நம் ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, டேப் தானாகச் சுருண்டு கழன்றுவிடும்.

வண்டி வாரண்டியில் இருந்தாலோ, கதவு லாக்கை பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர் நிர்வகிக்கும் புது மாடலாக இருந்தாலோ இதில் எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். அப்படிப்பட்ட வண்டிகளின் சுவிட்ச் வயரில் ஓடுவது இந்த 12 வோல்ட் கணக்கு இல்லை. ஒரு தவறான எர்த் மாட்யூலைக் கெடுக்கும், வாரண்டியும் கைநழுவும்.

கடைசியாகச் சோதனை. டிரைவர் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத் தொடங்குங்கள், ஸ்பேர் சாவி வெளியே நிற்பவர் கையில் இருக்கட்டும். சாவி போட்டு லாக், அன்லாக். சாவியை எடுத்து லாக் அழுத்தினால் பூட்ட வேண்டும், அன்லாக் அழுத்தினால் அசையக் கூடாது. ஒரு கதவைத் திறந்துவைத்து லாக் அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. ரிமோட்டில் ஆர்ம் செய்து, கண்ணாடி வழியாகக் கையை விட்டு அன்லாக் அழுத்திப் பாருங்கள், கதவு அசையக் கூடாது. பிறகு சுவிட்சிலேயே நாலு கதவையும் பூட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து உள் லாக்கைக் கையால் தூக்கிக் கதவைத் திறந்து பாருங்கள். பானெட்டைத் திறக்கும் லிவர் உள்ளே இருப்பதால் அதை முதலிலேயே இழுத்துவிடுங்கள். மோட்டாரை லாக்கோடு இணைக்கும் கம்பி இறுக்கமாக வளைந்திருந்தால் கையால் தூக்க முடியாமல் சிக்கும். விபத்திலோ வெள்ளத்திலோ கரண்ட் போனாலும் உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்கு ஏ.ஐ.எஸ். 145 என்ற வாகனப் பாதுகாப்பு விதியில் சென்ட்ரல் லாக்கைக் கையால் மீறித் திறக்கும் வசதியைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தையது, லாக்கும் வெளியே போட்டது. ஒரு கதவு சிக்கினாலும் டோர் பேடைக் கழற்றி, கம்பியின் வளைவைச் சரிசெய்து, மோட்டாரின் பிராக்கெட் ஸ்க்ரூவை இடம் மாற்றி இறுக்கிய பிறகுதான் வண்டியை அம்மாவிடம் கொடுங்கள்.